ஒரு வைரஸுக்கு எழுபது வருடக் காவல்

கரு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கலைந்தால், நம் ஊரில் ‘டார்ச் டெஸ்ட்’ எடுத்துவரச் சொல்வது வழக்கம். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோவைரஸ், ஹெர்பஸ் என்று சில கிருமிகளின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. சில வருடங்களுக்கு முன் என் சித்தி மகளின் ரிப்போர்ட்டில் ‘சி.எம்.வி. ஐஜிஜி: பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் வந்திருந்தது. வீடே கலங்கிப்போனது. டாக்டர் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்றைக்கோ வந்த தொற்றின் தடம் இது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். துணைக்கு வந்திருந்த சித்திக்கு அப்போது 68 வயது. “எனக்கும் இருக்குமா டாக்டர்?” என்று கேட்டார். “உங்களுக்கு இல்லாமலாம்மா?” என்று டாக்டர் சிரித்தார்.

டாக்டர் கேலியாகச் சொன்னாலும் கணக்கு சரிதான். சி.எம்.வி. என்கிற சைட்டோமெகலோவைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி, இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளின்படி, பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கிறது. உலகச் சராசரி சுமார் 83 சதவீதம். அமெரிக்காவில் நாற்பது வயதை எட்டியவர்களில் பாதிக்குச் சற்று மேல். இங்கே பெரும்பாலோர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய்ப்பால் வழியாகவோ, வீட்டுப் பிள்ளைகளின் எச்சில் பட்டோ வாங்கிக்கொள்கிறோம். அன்றைக்குக் காய்ச்சல்கூட அடித்திருக்காது. அதன் பிறகு அது உடலை விட்டுப் போவதே இல்லை. எழுபது எண்பது வயதுவரை கூடவே இருக்கும் இந்தக் கிருமிக்கும் முதுமைக்கும் மரணத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் முப்பது வருடங்களாக ஆய்வாளர்களைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

இதன் தடயத்தை மனிதன் முதலில் பார்த்தது 1881இல். இறந்து பிறந்த ஒரு சிசுவின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஜெர்மானிய மருத்துவர் ஹியூகோ ரிபெர்ட்டுக்குச் சில செல்கள் மட்டும் ஊதிப் பெருத்துத் தெரிந்தன. உட்கருவின் நடுவே கரிய உருண்டை, அதைச் சுற்றி வெளிறிய வளையம். ஆந்தை முறைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். இன்றைக்கும் பாத்தாலஜி மாணவர்களுக்கு ‘ஆந்தைக் கண்’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏதோ ஒரு செல் ஒட்டுண்ணி என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1950களின் நடுவில் மார்கரெட் ஸ்மித், வாலஸ் ரோ, தாமஸ் வெல்லர் என்ற மூவர், அமெரிக்காவின் மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில், ஏறக்குறைய ஒரே காலத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தனர். போலியோ வைரஸை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியதற்காக 1954இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்தான் வெல்லர். செல்லைப் பெரிதாக்கும் வைரஸ் என்ற பொருளில் இதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

மனிதரைத் தொற்றும் ஹெர்பஸ் குடும்ப வைரஸ்களிலேயே மரபணுத் தொகுதி மிகப் பெரியது இதற்குத்தான். சுமார் 2,35,000 எழுத்துகள். ஃப்ளூ வைரஸுக்கு இருப்பது சுமார் 13,500. இவ்வளவு பெரிய மூட்டையில் என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தால், பெரும்பகுதி ஒளிந்துகொள்ளும் உத்திகள். தொற்றிய செல், தனக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை வெளிச்சுவரில் காட்டினால்தான் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களுக்கு விஷயம் தெரியும். அந்தக் காட்சிப் பலகையையே பிடுங்கிப் போட நான்கைந்து மரபணுக்களை வைத்திருக்கிறது இந்த வைரஸ். பலகை இல்லாத செல்லைச் சந்தேகப்பட்டுக் கொல்வது இயற்கைக் கொல்லி செல்களின் வேலை. அவற்றை ஏய்க்கப் போலிப் பலகை ஒன்றையும் தயாரிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்களின் மூல செல்களுக்குள் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும். அந்தச் செல் முதிர்ந்து, அழற்சி நடக்கும் இடத்துக்குப் போகும்போது கண்விழித்துச் சில பிரதிகளை வெளியே விடும். எதிர்ப்பு மண்டலம் ஓடிவந்து அமுக்கும். மறுபடி தூக்கம். ஒரு ஆயுளில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.

இந்தக் காவலுக்கு உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்று 2005இல் அமெரிக்காவின் ஓரகான் மாநிலத்தில் ஒரு குழு கணக்குப் பார்த்தது. வைரஸின் 213 மரபணுப் பகுதிகளிலிருந்து செய்த புரதத் துண்டுகளை 33 பேரின் ரத்தத்தோடு சேர்த்து, எத்தனை டி செல்கள் சிலிர்த்தெழுகின்றன என்று அளந்தார்கள். ரத்தத்தில் சுற்றும் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயுள் முழுக்கச் சந்திக்கும் நூற்றுக்கணக்கான கிருமிகளுக்கும் சேர்த்துத்தான் மீதி. சில முதியவர்களிடம், சி.டி.8 என்ற கொல்லும் வகை டி செல்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே இதற்குப் போய்விடுகிறது.

இயல்பாக நடப்பது இதற்கு நேர்மாறானது. அம்மையோ ஃப்ளூவோ வந்து போனபின், போருக்காகப் பெருகிய டி செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். ஒரு சிறு கூட்டம் மட்டும் நினைவுக்காகத் தங்கும். சி.எம்.வி.யில் அந்தக் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகுகிறது. ‘நினைவு வீக்கம்’ என்கிறார்கள் ஆய்வாளர்கள். அடிக்கடி எழுப்பப்பட்ட காவலர்கள் அல்லவா, அந்த செல்களின் முகமும் மாறிப்போகிறது. சி.டி.28 என்ற புரதம் அவற்றின் மேலிருந்து உதிர்ந்துவிடுகிறது. டி செல் பெருகுவதற்கு இரண்டாவது கையெழுத்துப் போடுவது அந்தப் புரதம்தான். அது போனபின் செல் எளிதில் பிரியாது. ஆனால் கொல்லும் திறன் போகாது. அழற்சியூட்டும் ரசாயனங்களை உமிழும் பழக்கமும் போகாது. ஓய்வு பெற வேண்டிய வயதில் கையில் லத்தியோடு தெருவில் நிற்கும் போலீஸ்காரரைப் போல.

இன்னொரு பக்கம் புது ஆட்சேர்ப்பு நின்றுகொண்டிருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் புதிய டி செல்கள் பயிற்சி பெறுகின்றன. குழந்தைப் பருவத்திலிருந்தே சுருங்கத் தொடங்கி, நடுவயதில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும் சுரப்பி அது. கொரோனாவைப் போல இதுவரை பார்த்தேயிராத கிருமி வரும்போது முதியவர்கள் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வைரஸின் பெயர் மரணக் கணக்கில் ஏறியது சுவீடனில், யோன்ஷோபிங் என்ற ஊரில். 1989இல் அங்கே ஆண்டர்ஸ் விக்பியும் உடன் வேலை செய்தவர்களும் 1897, 1899, 1901, 1903 ஆகிய வருடங்களில் பிறந்த 102 பேரைத் தேர்ந்தெடுத்தனர். 86 முதல் 92 வயதுவரை ஆனவர்கள். முதியோர் இல்லத்தில் இல்லாதவர்கள், நினைவு தப்பாதவர்கள், அந்த வயதுக்கு நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். ஆக்டோ ஆய்வு என்று பெயர். ரத்தம் எடுத்து, வெள்ளை அணுக்களை வகைபிரித்து எண்ணினார்கள். பிறகு காத்திருந்தார்கள், யார் யார் இறக்கிறார்கள் என்று. கேட்கக் கொடூரமாகத் தோன்றினாலும் முதுமை பற்றிய ஆய்வுகளில் பாதி இப்படிக் காத்திருப்பதுதான்.

சீக்கிரம் இறந்தவர்களிடம் ஒரு பொது அமைப்பு தெரிந்தது. சாதாரணமாக, மற்ற செல்களை வழிநடத்தும் சி.டி.4 டி செல்கள், கொல்லும் சி.டி.8 செல்களைவிட எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும். இவர்களிடம் அது தலைகீழாகியிருந்தது; விகிதம் ஒன்றுக்கும் கீழே. சி.டி.28 இழந்த செல்கள் குவிந்துகிடந்தன. எந்த வைரஸையும் தேடிப் போகாமலே கிடைத்த முடிவு இது. ஏன் இப்படி என்று பின்னால் துருவிப் பார்த்தபோதுதான் சி.எம்.வி. மாட்டியது. தலைகீழ் விகிதம் கொண்டவர்கள் எல்லோருக்கும் அந்தத் தொற்று இருந்தது. 1999இல் தொடங்கிய நோனா ஆய்வில், நோயுள்ளவர்களையும் சேர்த்து 138 பேரிடம் பார்த்தபோதும் அதே அமைப்பு மரணத்தை முன்கூட்டிச் சொன்னது. இதற்கு ‘எதிர்ப்பு மண்டல அபாயக் குறி’ என்ற பொருளில் ஒரு பெயர் வந்தது. இந்த ஆய்வுகளில் நூறு வயதை எட்டியவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் அந்தக் குறி இல்லை.

இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குறி உள்ளவர்கள் எல்லோருக்கும் வைரஸ் இருந்தது என்பது ஒன்று. வைரஸ் உள்ளவர்கள் எல்லோருக்கும் குறி இருந்தது என்பது வேறொன்று. அந்த வயதுச் சுவீடன்காரர்களில் பெரும்பாலோர் தொற்றியவர்கள்தான். அவர்களில் ஒரு சிறு பகுதியினர்தான் அபாயக் கட்டத்துக்குள் விழுந்தார்கள். ஒரே வைரஸை ஒருவர் அறுபது வருடம் சிரமமில்லாமல் அடக்கி வைக்கிறார், இன்னொருவர் அடக்கி அடக்கியே தேய்ந்துபோகிறார். இந்த வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. செய்தித்தாள்களில் ‘ஆயுளைக் குறைக்கும் வைரஸ்’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பெரிய எண்ணிக்கையிலான ஆய்வுகளும் பின்னர் வந்தன. இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டிய 511 பேரை 18 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. தொற்று உள்ளவர்களின் ஆண்டு இறப்பு வீதம், இல்லாதவர்களைவிட 42 சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் எதிர்பாராதது. எதிர்ப்பு சக்தி தேய்ந்தால் நிமோனியாவிலும் புற்றுநோயிலும் சாவு கூடும் என்றுதானே நினைப்போம்? கூடியது இதயமும் ரத்தக் குழாயும் சார்ந்த மரணங்கள். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ பகுதியில் 60 வயதுக்கு மேற்பட்ட 1,468 லத்தீன் அமெரிக்க முதியவர்களைப் பார்த்த ஆய்வில், ஆன்டிபாடி அளவு மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு மரண வாய்ப்பு கூடியிருந்தது. அந்தத் தொடர்பில் ஒரு கணிசமான பங்கு, ரத்தத்தில் இருந்த அழற்சி ரசாயனங்கள் வழியாக வந்ததாகக் கணக்கு காட்டியது.

ரத்தக் குழாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? குழாயின் உட்சுவர் செல்களிலும் இந்த வைரஸ் புகக்கூடியது. சி.டி.28 இழந்த முதிய டி செல்களின் மேல், அழற்சியுற்ற குழாய்ச் சுவர் வெளியிடும் ஒரு ரசாயனத்தை மோப்பம் பிடிக்கும் ஏற்பி இருக்கிறது. அவை அங்கே போய் ஒட்டிக்கொண்டு, கொல்லும் நொதிகளைக் கொட்டுகின்றன. சிதைந்த கொழுப்புப் படிவுகளுக்குள் இப்படிப்பட்ட செல்களைப் பார்த்திருக்கிறார்கள். வாசல் காக்கப் போனவன் சுவரை இடித்த கதை. வழிமுறை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருத்தமான கதை வேறு, நிரூபணம் வேறு.

சந்தேகங்கள் சாதாரணமானவை இல்லை. முதலாவது, ஏழ்மை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தத் தொற்று, நெருக்கமான வீடுகளில் வளர்ந்த, குறைவாகப் படித்த, வருமானம் குறைந்த மக்களிடம் அதிகம். அவர்கள் இதயநோயில் கூடுதலாகச் சாவதற்கு வைரஸ் தேவையில்லை; வறுமையே போதும். புள்ளியியலில் இதைக் கழித்துப் பார்க்கிறார்கள். கழித்தபின் தொடர்பு மெலிகிறது, முழுதாக மறைவதில்லை. வறுமையை எந்தப் படிவத்தின் ஐந்தாறு கட்டங்களுக்குள் முழுசாக அடைக்க முடியும்? இரண்டாவது, முன்னும் பின்னும் மாறியிருக்கலாம். உடல் வேறு காரணத்தால் நலிந்ததால்தான் வைரஸ் அடிக்கடி தலைதூக்குகிறது, அதனால் ஆன்டிபாடி ஏறுகிறது என்றும் படிக்கலாம். அப்படியானால் வைரஸ் வெறும் சாட்சி.

சாட்சியா குற்றவாளியா என்று சோதிக்க நல்ல இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. வேறு நோய்களுக்காக அங்கே கிடப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு சி.எம்.வி. விழித்தெழுந்து ரத்தத்தில் தெரிகிறது என்று 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. விழித்தவர்கள் நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், கூடுதலாக இறந்தார்கள். சரி, வைரஸை மருந்தால் அடக்கிப் பார்ப்போம் என்று 160 நோயாளிகளில் பாதிப்பேருக்கு கான்சிக்ளோவிர் கொடுத்தார்கள். முடிவு 2017இல் வந்தது. மருந்து வைரஸை நன்றாகவே அடக்கியது. ஆனால் அளவுகோலாக வைத்திருந்த அழற்சி ரசாயனம் குறையவில்லை. இறப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. எலிகளில் கதை வேறு. பர்மிங்காமில் பால் மாஸ் குழுவினர், வயதான எலிகளுக்கு நீண்டகாலம் வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்து, வீங்கிய டி செல் கூட்டத்தைச் சுருங்கவைத்திருக்கிறார்கள். எலி இரண்டு மூன்று வருடம் வாழும் பிராணி, நாம் எண்பது வருடம்.

இந்த வைரஸ் முற்றிலும் தீயதுதானா என்பதும் இப்போது தெளிவாக இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 2015இல் வந்த ஆய்வில், தொற்றுள்ள இளைஞர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி கூடுதலாகவே வேலை செய்தது. அதே வருடம் அங்கே 105 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தார்கள். ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் சி.எம்.வி. இருந்தால், அளந்த 204 எதிர்ப்பு மண்டலக் கூறுகளில் பாதிக்கு மேற்பட்டவை வேறுபட்டுப்போயிருந்தன. நம் எதிர்ப்பு மண்டலத்தைச் செதுக்கும் உளிகளில் இதைப்போல ஆழமாக வெட்டுவது வேறொன்று இருக்கிறதா என்பது சந்தேகம்தான். 2023இல் பாஸ்டனிலிருந்து இன்னொரு செய்தி. முதுமையடைந்த தோலில் தேங்கும் மூப்புச் செல்கள் இந்த வைரஸின் ஒரு புரதத்தை வெளிக்காட்டுகின்றன. அதைப் பார்த்து டி செல்கள் வந்து அவற்றை அப்புறப்படுத்துகின்றன. சுவரை இடிக்கிறது என்று நாம் குற்றம் சாட்டிய அதே ரகக் காவலர்கள், இங்கே குப்பை அள்ளுகிறார்கள்.

நிரூபணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, சி.எம்.வி.யின் ஒன்றுவிட்ட சகோதரனிடமிருந்து கிடைத்திருக்கிறது. அவனை நமக்கு நன்றாகத் தெரியும்: அக்கி. சின்ன வயதில் சின்னம்மை போட்டு இறங்கியபின் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். முதுமையில் காவல் தளரும்போது விலாவில் பட்டையாகக் கொப்புளம் கிளப்பும். குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள் நம் ஊரில். வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பரில் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்குக் கிடையாது, அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு என்று கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாரம், அந்தப் பக்கம் ஒரு வாரம். மற்ற எல்லாவற்றிலும் ஒரேமாதிரியான மனிதர்கள். பணக்காரர் ஏழை என்ற பேதமும் சமமாகவே கலந்திருக்கும். ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களிடம் டிமென்ஷியா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025இல் நேச்சர் இதழில் வந்தது. உடலுக்குள் உறங்கும் ஒரு வைரஸை அடக்கி வைப்பது முதுமையின் போக்கை மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் திடமான சான்று இதுவரை நான் படித்ததில்லை.

சி.எம்.வி.க்கு அப்படி ஒரு கோடு கிழிக்கத் தடுப்பூசியே இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவ நிறுவனம் இதை முதல் வரிசைத் தேவைகளில் வைத்தது. கருவில் தொற்றினால் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம் என்பதுதான் அதற்குக் காரணம். கிழவர்களை யாரும் மனதில் வைக்கவில்லை. 2009இல் ஒரு தடுப்பூசி 50 சதவீதப் பாதுகாப்பு தந்து நம்பிக்கை ஊட்டியது. மாடர்னாவின் எம்ஆர்என்ஏ தடுப்பூசி 2025இல் மூன்றாம் கட்டச் சோதனையில் இலக்கை எட்டாமல் தோற்றது.

நமக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன கணக்குகள் பலவும் தொற்றுள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு வரிசை நிறுத்தி ஒப்பிட்டு வந்தவை. சென்னையிலோ திருநெல்வேலியிலோ எழுபது வயதில் தொற்று இல்லாதவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. தவிர, ஐரோப்பியர் ஒருவர் இருபத்தைந்து வயதில் வாங்கும் வைரஸை நாம் ஆறு மாதத்தில் வாங்குகிறோம். ஒரு வயதுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் காம்பியாவில், அந்தக் கைக்குழந்தைகளின் சி.டி.8 செல்களே முதிர்ந்த தோற்றம் கொண்டுவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். எழுபது வருடக் காவலும் நாற்பது வருடக் காவலும் ஒன்றாகுமா? சுவீடனின் கணக்கை அப்படியே இங்கே ஒட்டுவதில் அர்த்தமில்லை. இங்கே கேட்க வேண்டியது வைரஸ் இருக்கிறதா என்பதில்லை. அடக்கி வைக்க எவ்வளவு செலவாகிறது, யாருக்கு அதிகம் செலவாகிறது என்பது. அதற்கு நம் முதியவர்களின் ரத்தத்தை வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டே வர வேண்டும், யோன்ஷோபிங்கில் செய்ததுபோல.

அதுவரை, அறுபது தாண்டியவர்கள் சி.எம்.வி. ஐஜிஜி டெஸ்ட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். உறுப்பு மாற்று சிகிச்சை போன்ற காரணத்துக்காக டாக்டர் கேட்டால் தவிர, அது விடை தெரிந்த கேள்வி. கூடுதல் சாவு ரத்தக் குழாய் வழியாகத்தான் வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரத்தக் குழாயைக் கெடுப்பவற்றில் நம் கைக்கு எட்டுகிற மூன்று இருக்கின்றன: ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. அன்றைக்கு லேபிலிருந்து திரும்பும் வழியில் சித்தியை வற்புறுத்தி பி.பி. பார்க்க வைத்தோம். 170/100 இருந்தது. அதற்கு முன் அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.